சுவரில் தொங்கும் தராசு

(தருமபுரி மாவட்டத்தில் உழைப்பாளர் வகுப்பொன்றில் ஆற்றிய உரை)

பாலக்கோடு, அரூர் பக்கம் கரும்பு வெட்டுகிறவர்களுக்கு டன் கணக்கில் கூலி. எடை போடும் நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பவர் உண்டா? ஆனால் நம் வீட்டுச் சுவரிலும் ஒரு தராசு தொங்குகிறது. அதை நாம் ஏறிட்டும் பார்ப்பதில்லை. அதுதான் மின்சார மீட்டர்.

அது அளப்பது யூனிட். ஆயிரம் வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 40 வாட் பல்பு 25 மணி நேரம் எரிந்தாலும் அதே ஒரு யூனிட்தான். பழைய மீட்டரில் சக்கரம் சுழலும். புதியதில் சிறு விளக்கு மினுக்கும். எத்தனை மினுக்கலுக்கு ஒரு யூனிட் என்பது மீட்டரின் முகத்திலேயே அச்சிட்டிருக்கும். எல்லாச் சுவிட்சையும் அணைத்த பிறகும் மினுக்கிக்கொண்டே இருந்தால், எங்கோ மின்சாரம் போகிறது என்று அர்த்தம். இன்றைய எண்ணிலிருந்து சென்ற கணக்கெடுப்பின் எண்ணைக் கழியுங்கள். மீதிதான் நீங்கள் செலவழித்தது.

2016 மே மாதத்தில் தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்தார்கள். கவனியுங்கள், தோழர்களே! இந்தச் சலுகை இணைப்புக்கு ஒன்று. குடும்பத்துக்கு ஒன்று அல்ல.

லைன் வீட்டில் மூன்று குடும்பங்கள். இரண்டு மாதத்தில் தலைக்கு 170 யூனிட். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி கணக்குப் போடுவோம்.

தனித்தனி மீட்டர் இருந்தால், 100 போக மீதி 70 யூனிட், விலை ரூ.2.25 வீதம் ரூ.157.50. மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து ரூ.472.50.

மூவருக்கும் ஒரே மீட்டர் என்றால் மொத்தம் 510 யூனிட். 500ஐத் தாண்டியதும் ரூ.2.25 என்ற மலிவு விலை அடியோடு போய்விடும். முதல் 100 இலவசம். அடுத்த 300க்கு ரூ.4.50 வீதம் ரூ.1,350, அடுத்த 100க்கு ரூ.6 வீதம் ரூ.600, கடைசி 10க்கு ரூ.8 வீதம் ரூ.80. ஆக ரூ.2,030!

அதே பல்பு, அதே மின்விசிறி. ஆனால் ரூ.1,557.50 அதிகம். இதைச் சுமப்பவர் யார்? குடியிருக்கும் தொழிலாளிதான். சில இடங்களில் வீட்டுக்காரரே உள்மீட்டர் வைத்து, முதல் யூனிட்டிலிருந்தே தாம் சொன்ன விலையை வாங்குகிறார். அரசு தந்த இலவசம் வாசலோடு நின்றுவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆவது பிரிவு, சொந்தக்காரர் மட்டுமல்ல, குடியிருப்பவர் விண்ணப்பித்தாலும் மின்சாரம் வழங்க வேண்டும் என்கிறது. 55ஆவது பிரிவு, சரியான மீட்டர் வைத்தே வழங்க வேண்டும் என்கிறது. ஆனால் தனியாள் போய்க் கேட்டால் வீட்டைக் காலி செய் என்பார்கள். லைன் முழுவதும் சேர்ந்து கேட்டால்?

ஆகவே தோழர்களே, இன்றே ஒரு நோட்டில் தேதியும் மீட்டர் எண்ணும் குறியுங்கள். ஒரே மீட்டரில் எத்தனை அடுப்பு எரிகிறது என்று கிளைதோறும் பட்டியல் எடுங்கள். தனி அடுப்புக்குத் தனி மீட்டர் என்று எல்லோரும் ஒன்றாகக் கையெழுத்திட்டு மனுக் கொடுப்போம்!