தருமமும் காலேஜ் மனுவும்

(கும்மிடிப்பூண்டியில் பெற்றோர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



காலேஜில் சேர மனுப் போடுகிற பிள்ளை, தான் செய்த தான தருமத்தை அந்த மனுவில் எழுதலாமா, அதைப் பார்த்து இடம் கொடுக்கலாமா என்பதே இன்று நான் பேச வேண்டிய விஷயம். நம் சர்க்கார் நடத்தும் பொறியியல் சேர்க்கையில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கணக்கு, பௌதிகம், ரசாயனம் ஆகிய மூன்றின் மார்க்கை 200க்குக் கணக்கிட்டு, வகுப்புவாரி இட ஒதுக்கீட்டின்படி வரிசையாகக் கூப்பிடுகிறார்கள். ஆனால் அமெரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட காலேஜ்கள் ஏற்றுக்கொள்ளும் பொது மனு ஒன்றில், பாடத்துக்கு வெளியே நீ செய்த காரியங்கள் பத்தை எழுது என்று இடம் விட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து இங்கேயும் பணமுள்ள பெற்றோர்கள், பிள்ளை கையில் நாலு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, ஏழைக் குழந்தைகளுக்கு வழங்கச் சொல்லிப் போட்டோ எடுத்து வைக்கிறார்கள்.

நம் நாட்டில் தருமம் என்பது என்றைக்குமே ஒரு வியாபாரமாகத்தான் நடந்து வந்திருக்கிறது. கோயிலுக்கு ஒரு குழல் விளக்குக் கொடுப்பான். அதன் மேலேயே 'உபயம்' என்று தன் பெயரையும் தகப்பன் பெயரையும் எழுதி, வருகிற வெளிச்சத்தில் பாதியை மறைத்து விடுவான். இங்கே ஒரு பங்கு கொடுத்தால் அங்கே பத்துப் பங்கு புண்ணியம் என்பது அவன் கணக்கு. முன்பு அந்தக் கணக்கைச் சித்திரகுப்தன் எழுதுவதாகச் சொன்னார்கள். இப்போது காலேஜ் பிரின்ஸ்பாலை எழுதச் சொல்லுகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, தருமம் செய்ய யாரால் முடியும்? இந்த ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். சிப்காட் ஆலையில் ஒப்பந்தக் கூலியாக இரவு ஷிப்டு பார்க்கிறவருடைய மகள் இருக்கிறாள். அதே ஆலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் காண்டிராக்டருடைய மகனும் இருக்கிறான். இருவரும் ஒரே வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையன் தகப்பன் பணத்தில் ஐயாயிரம் ரூபாய்க்குப் போர்வை வாங்கிக் கொடுத்துவிட்டு மனுவில் எழுதுகிறான். அந்தப் பெண்ணோ விடியற்காலையில் தண்ணீர் பிடித்து, தம்பிக்குச் சோறு போட்டு, பாட்டிக்கு மருந்து கொடுத்து விட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். அதற்குத் தருமம் என்று பெயரில்லை, சர்டிபிகேட்டும் இல்லை. இவ்வூரில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்த பிள்ளை எதைத் தானம் செய்ததாக எழுதும்? பிறர் கொடுத்ததை வாங்கும் நிலையில் வைக்கப்பட்டவனைப் பார்த்து, நீ எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்பது நியாயமா என்று யோசித்துப் பாருங்கள்.

இது ஏதோ அமெரிக்காக்காரன் விஷயம் என்று நினைக்க வேண்டாம். நம் தமிழ்நாட்டிலேயே 1970ஆம் ஆண்டு மருத்துவக் காலேஜ் சேர்க்கையில் மொத்தம் 275 மார்க்கில் 75 மார்க்கு நேர்முகத்துக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். அந்த 75க்குச் சொன்ன தலைப்புகளில் விளையாட்டோடு 'விசேஷ சேவை'யும் ஒன்று. பெரியகருப்பன் வழக்கில் இது சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனபோது என்ன தெரிந்தது? எந்தத் தலைப்புக்கு எவ்வளவு என்று பிரிக்காமல், மொத்தமாக ஒரு மார்க்கைப் போட்டிருந்தார்கள் என்று தெரிந்தது. அது சட்ட விரோதம் என்று கோர்ட்டார் சொன்னார்கள். 75 மார்க்கு என்பதே அதிகமாகத் தெரிகிறது என்றும் சொன்னார்கள். பரீட்சை மார்க்கை எவரும் கூட்டிப் பார்க்கலாம். சேவைக்குப் போட்ட மார்க்கை எந்தத் தராசில் நிறுத்துப் பார்ப்பது? அளக்க முடியாத ஒன்றை அளவுகோலாக வைத்தால், சிபாரிசுக்காரனும் ஜாதிக்காரனும் உள்ளே நுழைய அதுவே கதவாகிவிடும்.

பிள்ளை கொடுக்கும் தானம் இப்படியென்றால், காலேஜுக்கே கொடுக்கும் தானம் இன்னொரு கூத்து. 'நன்கொடை' என்பது நம் பாஷையில் எவ்வளவு நல்ல வார்த்தை! அதைச் சீட்டு விலைக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். கர்நாடகத்தில் ஒரு தனியார் மருத்துவக் காலேஜ், வெளி மாநிலப் பெண் ஒருவரிடம் வருஷத்துக்கு 60,000 ரூபாய் கேட்டது. சர்க்கார் இடத்துக்கோ 2,000 ரூபாய்தான். 1992இல் மோகினி ஜெயின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார், இது கல்வியை விற்கும் விலையே தவிர வேறல்ல என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதே வருஷம் நம் மாநிலத்திலும் இதைத் தடுக்கச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் வசூல் நிற்கவில்லை என்பது பிள்ளையைச் சேர்க்க அலைந்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 2019இல் வெளிவந்த மோசடி இதையும் மிஞ்சியது. சிங்கர் என்ற தரகர் ஒரு தரும ஸ்தாபனத்தையே பதிவு செய்து வைத்திருந்தார். பணக்காரப் பெற்றோர் அதற்கு லட்சக்கணக்கான டாலர் 'தருமம்' செய்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு விளையாட்டு வீரர் வேஷம் போட்டுப் பெரிய காலேஜ்களில் இடம் வாங்கித் தந்தார். ஏழைப் பிள்ளைகளுக்கு இந்தப் பணம் உதவும் என்று நன்றிக் கடிதமும் கொடுத்தார். அதைக் காட்டி வருமான வரியிலும் சலுகை வாங்கினார்கள்! ஏழையின் இடத்தைப் பறித்ததற்கு ஏழையின் பெயராலேயே ரசீது! 2023இல் அவருக்கு மூன்றரை வருஷம் தண்டனை கிடைத்தது. கலிபோர்னியாவில், நன்கொடை கொடுத்தவர் பிள்ளை என்பதற்காகத் தனியார் காலேஜ்களும் சலுகை காட்டக் கூடாதென்று 2024இல் சட்டமே செய்துவிட்டார்கள்.

அப்படியானால் தருமமே கூடாதா என்று கேட்பீர்கள். பச்சையப்ப முதலியார் 1794இல் காலமானார். கோயில் பூசைக்கும் தருமத்துக்கும் என்று அவர் விட்டுப்போன பணம் வழக்கில் கிடந்து, அதன் மிச்சத்தில் 1842இல் சென்னையில் பள்ளிக்கூடம் பிறந்தது. கோயிலோடு போயிருந்தால் புகையாகியிருக்கும் பணம், எத்தனையோ ஆயிரம் பேரைப் படிக்க வைத்தது. (அங்கும் 1947 வரை இந்து மாணவருக்கே இடம் என்பது வேறு கதை.) பணமுள்ளவன் காலேஜ் கட்டட்டும், சம்பளம் கட்டட்டும், நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. உள்ளே யார் வருவது என்று தீர்மானிக்கும் இடத்தில் மட்டும் அவன் கை இருக்கக் கூடாது.

இங்கே வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுகிறேன். அப்படிப்பட்ட மனுவை எழுத நேர்ந்தால், அப்பன் கொடுத்த பணத்தை உன் பெயரில் எழுதாதே. உன் கையால், உன் நேரத்தால் செய்ததை எழுது. நான் சொன்ன அந்தப் பொது மனுவில் கூலி வேலைக்கும், வீட்டுப் பொறுப்புக்கும் தனித்தனியே இடம் இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது. வெட்கப்பட்டுக் காலியாக விட்டுவிடுகிறார்கள். மாலையில் கடையில் பொட்டலம் கட்டியதையும், தம்பி தங்கையை வளர்த்ததையும் அங்கே தைரியமாக எழுதுங்கள். இன்னும் இரண்டு தோழர்கள் பேச வேண்டியிருப்பதால் இத்துடன் நிறுத்திக்கொள்ளுகிறேன்.