கடிகார மணியும் பஞ்சாங்க நாழிகையும்

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கடிகாரத்தின் சரித்திரம் பற்றிப் பேசச் சொன்னார்கள். முழுவதும் சொன்னால் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். நமக்கு வேண்டிய பகுதியை மட்டும் சொல்கிறேன்.

நம் முன்னோர்களுக்கு நாழிகை வட்டில் இருந்தது. அடியில் சிறு துளையுள்ள செப்புக் கிண்ணம். தண்ணீரில் மிதக்கவிட்டால் 24 நிமிஷத்தில் நிரம்பி மூழ்கும். அது ஒரு நாழிகை. ஒரு நாளுக்கு 60 நாழிகை. கணக்கு அந்தந்த ஊர் சூரியோதயத்திலிருந்து ஆரம்பம்.

கடிகாரம் வந்த பிறகும் ஊருக்கு ஊர் மணி வேறுதான். தீர்க்கரேகை ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம். கிரீன்விச்சைவிட பம்பாய் 4 மணி 51 நிமிஷம் முன்னால். மதராஸ் 5 மணி 21. கல்கத்தா 5 மணி 53. ரயில்களுக்கு இது ஒத்துவருமா? நடுவில் இருந்த மதராஸ் நேரத்தையே ரயில்வே எடுத்துக்கொண்டது. நுங்கம்பாக்கத்தில் 1792ல் கட்டிய வான ஆராய்ச்சி நிலையம் கணித்த நேரம் அது. 1906 ஜனவரி 1 முதல் 82½ டிகிரியை வைத்து ஐ.எஸ்.டி. வந்தது, ஐந்தரை மணி. கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் தங்கள் நேரத்தை விடவில்லை! இன்று டில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சீசியம் அணுக் கடிகாரங்கள் நாடு முழுவதற்கும் ஒரே மணியைத் தருகின்றன.

மணி ஒன்றானது, சூரியன் ஒன்றாகவில்லை.

1984ல் கல்கத்தாவில் என் தமக்கை பெண்ணின் கல்யாணம். வைகாசி இரண்டாம் வாரம். மாம்பலத்திலிருந்து வந்த பஞ்சாங்கத்தைப் பார்த்து, 7-30 முதல் 9-00 வரை மிதுன லக்னம் என்று பத்திரிகை அடித்தாயிற்று. திருமாங்கல்யதாரணம் ஆகும்போது மணி 8-50. அன்று இரவு சும்மா காகிதத்தில் கணக்குப் போட்டேன். தீர்க்கரேகையால் மட்டுமே 32 நிமிஷம் வித்தியாசம். அட்சரேகையால் இன்னும் கொஞ்சம். எட்டே முக்காலுக்கு முன்பே அங்கே கடகம் பிறந்துவிட்டது. அத்திம்பேர் இருந்தவரை வாய் திறக்கவில்லை. தம்பதிகள் இன்று பேரன் பேத்தியுடன் சௌக்கியம், அது வேறு விஷயம்.

ராகுகாலமும் அப்படித்தான். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்பது உதயம் ஆறு மணி, அஸ்தமனம் ஆறு மணி என்று வைத்த கணக்கு. சரியாகப் பார்த்தால் பகலை எட்டாகப் பிரித்து இரண்டாவது பாகம். தை பிறக்கும்போது டில்லியில் உதயமே ஏழே காலுக்கு. அங்கே ராகுகாலம் ஏறக்குறைய 8-35க்கு ஆரம்பித்து பத்துக்குச் சற்று முன் முடியும். அங்குள்ள நம் அங்கத்தினர்கள் ஏழரைக்குக் கிளம்பாமல் உட்கார்ந்திருந்து, ஒன்பது அடித்ததும் நிம்மதியாகப் புறப்படுகிறார்கள்!

வெளியூரில் முகூர்த்தம் வைப்பவர்கள் வாத்தியாரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லி, அந்த ஊருக்கே கணித்து வாங்கிய பிறகு பத்திரிகையை அச்சுக்குக் கொடுங்கள்.