தேர்வு அட்டவணையும் பிள்ளைகளின் மனமும்



மாணவர் மனநலம் பற்றிய இந்த மாநாட்டுக்கு வந்த கட்டுரைச் சுருக்கங்களை முழுவதும் படித்தேன். பெரும்பாலானவை பிள்ளையின் மனத்தை அளக்கின்றன: பதற்றம் எவ்வளவு, தூக்கம் எவ்வளவு, தாங்கும் திறன் எவ்வளவு என்று. வேண்டிய வேலைதான். ஆனால் அந்தப் பிள்ளையை அழுத்தும் ஏற்பாடுகளை அளந்தவர்கள் மிகச் சிலரே. அதைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் வகுப்புக்கு 2017-18இல் பொதுத்தேர்வு வந்தது. காரணம் நியாயமானது. பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தன. அதைத் தடுக்க வந்த தேர்வு, பிள்ளைகளை மூன்று ஆண்டு தொடர்ந்து பொதுத்தேர்வுக்கு முன் நிறுத்தியது. விடியற்காலை டியூஷன், மாலையில் ஸ்பெஷல் கிளாஸ், ஞாயிறன்று டெஸ்ட், அதற்கும் மேல் நீட் பயிற்சி. பதினாறு வயதுப் பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்க ஒரு மாலைப்பொழுது எங்கே இருந்தது? 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வைக் கைவிட்டது. நல்ல எண்ணத்தில் கொண்டுவந்த ஒரு சீர்திருத்தம் பிள்ளைகளை என்ன செய்தது என்பது நாம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டிய ஆய்வு. இப்போதாவது எடுப்போம்.

ஏற்பாட்டை மாற்றினால் அழுத்தமும் குறையும். தேர்வில் தவறிய பிள்ளை ஓராண்டை இழக்காமல் சில வாரங்களிலேயே மறுபடி எழுதத் துணைத்தேர்வு வந்தது. 2017இல் மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தியது. அதற்கு முன் ரிசல்ட் வந்த மறுநாள் நாளிதழ்கள் நிறைய, முதலிடம் பெற்ற பிள்ளைக்குப் பெற்றோர் இனிப்பு ஊட்டும் படங்கள்தாம். அவற்றைப் பார்த்தபடி வீட்டில் ஒடுங்கிக் கிடந்த பிள்ளைகளை யாரும் படம் எடுக்கவில்லை. இவ்விரண்டு மாற்றங்களும் ஆணைகளால் வந்தவை. எந்தப் பிள்ளையையும் மனவலிமை பெறச் சொல்லி வந்தவை அல்ல.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் நாடு முழுவதும் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். காரணம் ஒன்றே என்று எந்த மரணத்தைப் பற்றியும் சொல்ல முடியாது. குடும்பம், வறுமை, சாதி, நோய் எல்லாம் பின்னிக் கிடக்கின்றன. ஆனால் உதவி நேரத்துக்குக் கிடைத்தால் உயிர்கள் காக்கப்படும் என்பதில் ஐயமில்லை. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்னும் தொலைபேசி மனநல ஆலோசனை இருக்கிறது. நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் பயிற்சி பெற்ற ஆலோசகர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025இல் சொல்லிவிட்டது. அந்த ஆலோசகரின் அறையைத் தலைமையாசிரியர் அறையை ஒட்டிப் போட்டால் எந்தப் பிள்ளையும் உள்ளே நுழையாது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவரின் பதற்ற அளவைச் சொல்லும்போது, அவர் பள்ளி எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு விட்டது, வாரத்தில் எத்தனை டெஸ்ட், மதிப்பெண்ணை வகுப்பில் உரக்கப் படித்தார்களா என்பதையும் சொல்லுங்கள். முதல் அமர்வு பள்ளி ஆலோசகர்களுடையது. அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்.