வெயில் உண்டு, சத்து எங்கே?

நம் ஊரான உலு யாமில் வெயிலுக்கா பஞ்சம்? ஆனாலும் வெயில் தரும் வைட்டமின் டி நம் பிள்ளைகளுக்குப் போதவில்லை.

கோலாலம்பூரில் 7 முதல் 12 வயது ஆரம்பப் பள்ளி மாணவர்களைச் சோதித்து, 2011இல் ஓர் ஆய்வு வெளியானது. பத்துப் பேரில் ஏழு பேருக்கு இந்தச் சத்து குறைவு. ஓடியாடித் திரிகிற பிள்ளைகள்தான். ஆனால் சத்து குறைவு.

அரிசி நிறைய இருக்கிறது, அடுப்பு பற்றவைக்கவில்லை என்றால் சோறு ஏது? வெயிலும் அப்படித்தான். தோலில் பட்டால்தான் சத்து. நம் பிள்ளைகள் இருட்டோடு பள்ளிப் பேருந்து ஏறுகிறார்கள். மாலையில் டியூசன். பிறகு கைப்பேசி. கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலும் இதற்கு உதவாது. கறுத்த தோலுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும்.

விடிகாலை வெயிலில் இந்தச் சத்து அதிகம் கிடைக்காது. விடுமுறை நாளில் ஒன்பது, பத்து மணி வாக்கில், கையும் காலும் வெயில் பட, பிள்ளைகளைச் சற்று நேரம் விளையாட விடுங்கள். செம்பனை நிழலில் அல்ல, திடலில். தோல் சிவந்து எரியும்வரை வேண்டாம். சாப்பாட்டில் மத்தி மீன், முட்டை மஞ்சள் கரு சேருங்கள்.

கைக்குழந்தையைச் சுடுவெயிலில் கிடத்தாதீர்கள். தாய்ப்பால் அருமையானது, ஆனால் அதில் வைட்டமின் டி மிகக் குறைவு. அடுத்த தடுப்பூசிக்கு கிளினிக் போகும்போது, வைட்டமின் டி சொட்டு மருந்து தேவையா என்று தாதியிடம் கேளுங்கள், அம்மா. நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். அளவு மிஞ்சினால் கெடுதல்.