இன்றைக்கு இவ்வளவு போதும் தம்பி

விடியற்காலையில் சந்தவாசலிலிருந்து படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு வருகிறவர்கள் பார்த்திருப்பீர்கள், சாலையோரம் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். காவலர் தேர்வுக்கான பயிற்சி அது. அந்தத் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். கண்ணமங்கலம் பக்கத்துக் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பேர். ராணுவத்தில் சேரும் ஆசையும் இங்கே பல பிள்ளைகளுக்கு உண்டு.

உடற்கல்வி ஆசிரியரான என்னிடம் அவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது ஒன்றுதான்: "சார், கால் கடுக்குது. இன்னிக்கு நிறுத்திக்கட்டுமா?"

இங்குள்ள கோட்டைமலை ஏறி இறங்கிய மறுநாள் தொடை கடுக்கும். அதற்கு அடுத்த நாள் இன்னும் கடுக்கும். இறங்கும்போது தொடைச்சதை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்கிப் பிடிக்கிறது. அதில் தசைநார்கள் நுண்ணியதாகச் சேதப்படுகின்றன, அந்த வலி இது. லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்பார்கள். ஆனால் அது ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து நீங்கிவிடும். இரண்டு காலிலும் ஒரே மாதிரி கடுத்து, நடக்க நடக்க இளகினால் பயமில்லை. மெதுவாக ஓடிப் பார்க்கலாம்.

எனக்குப் பிடித்த வேலை, கண்ணை மூடிக்கொண்டு காலடிச் சத்தம் கேட்பது. இரண்டு பாதமும் சமமாக விழுந்தால் ஓடட்டும். ஒரு பாதம் மட்டும் 'தட்'டென்று விழத் தொடங்கினால், "இவ்வளவு போதும் தம்பி, நடந்து வா" என்பேன். வலிக்கிற காலைக் காப்பாற்ற உடம்பு அடுத்த காலில் பாரம் போடுகிறது. அந்த ஓட்டத்தில் பழகுவது கோணல் நடைதான்.

ஆரணிப் பக்கத்துப் பையன் ஒருவன். அப்பாவோடு குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்கிறவன். ஆடுசதை எப்போதும் இறுகியே இருக்கும். ஓடிய தூரத்தை நோட்டில் எழுதுவான், பகலெல்லாம் தறியில் மிதித்த மிதி அதில் வராது. காலுக்கு இரண்டும் வேலைதானே? சேலை முடிக்கிற நாட்களில் பாதி தூரம் ஓடு என்றேன். கோபித்துக்கொண்டான். வாழைத்தார் சுமக்கிற பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன். பெற்றோர்களே, வீட்டில் அவர்கள் செய்கிற வேலையையும் கணக்கில் சேருங்கள்.

பாதியில் நிற்பது பெரிய வீரர்களுக்கும் நேரும். பிரிட்டனின் பவுலா ராட்கிளிஃப் மாரத்தானில் உலக சாதனை படைத்தவர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஏறக்குறைய 36 கிலோமீட்டரில் நின்று, சாலையோரம் உட்கார்ந்து அழுதார். ஓட்டத்துக்கு முன்பே காலில் காயம், அதற்கு மாத்திரை, அதனால் வயிற்றுக் கோளாறு. அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மாரத்தானை வென்றார். அடுத்த ஆண்டு ஹெல்சின்கியில் உலக சாம்பியன். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓட வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை விடாமல் சொல்வேன்.

கடைசியாக ஒன்று. முன்னங்கால் எலும்பில் விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி ஓரிடத்தில் வலியா, ஓட ஓட ஏறுகிறதா, படுத்தாலும் விடவில்லையா? அன்றே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் கீறல் விழுந்தால் ஆற 6 முதல் 8 வாரம் ஆகும், தேர்வுத் தேதி அதற்குள் போய்விடும். நாளைக் காலை ஓடப் போகும் தம்பி தங்கைகளே, கால் சொன்னால் திரும்பி வாருங்கள். தேர்வு மைதானத்தில் நீங்கள் எல்லோரும் முழுத் தூரமும் ஓடி முடிக்க வேண்டும் என்பதே என் ஆசை.