துரைமார் உட்கார்ந்த கல்லும் நாம் வெட்டிய பாதையும்

(மாதர் அணி, இளைஞர் அணித் தலைவர்களுக்கான ஒருநாள் பயிற்சிக் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியையான நமது பிரதேச அமைப்பாளர் ஆற்றிய உரை.)



சம்பளம், சேமலாப நிதி, ஒழுகுகிற லயக் கூரை என்று பேச வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு வெள்ளைக்காரர் நடக்கிற பாதையைப் பற்றிப் பேச இந்த டீச்சர் ஏன் வந்தார் என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டது என் காதில் விழுந்தது. கேட்க வேண்டிய கேள்விதான். நான் பேசப்போவதும் சம்பளத்தோடும் கூரையோடும் ஒட்டிய விஷயம்தான். கொஞ்சம் சுற்றி வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதுகில் பெரிய பையும் கையில் தடியுமாக வெளிநாட்டுக்காரர்கள் நமது தோட்டங்களுக்குள் நடந்து போவதைச் சில வருடங்களாகப் பார்க்கிறோம். அவர்கள் வழி தவறி வந்தவர்கள் அல்ல. பெக்கோ டிரெயில் என்ற நடைப்பாதையில் போகிறவர்கள். அது கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவுக்குப் பக்கத்தில் பீட்ரு தோட்டத்தில் முடிகிறது. 300 கிலோமீற்றர் அளவு தூரம், 22 கட்டங்கள். கலஹா, லூல்கந்துர, தவலந்தென்னை, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, டயகம என்று ஏறி, ஹப்புத்தளைப் பக்கம் இறங்கி, எல்ல, பதுளைப் பக்கமெல்லாம் சுற்றி, உடப்புசல்லாவை, கந்தப்பளை வழியாகத் திரும்புகிறது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் இதற்குப் பணம் கொடுத்தன. பெக்கோ என்றால் என்ன என்று ஸ்டோரில் வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பீ.ஓ.பீ. என்று தினமும் சல்லடையில் பிரிக்கிறோமே, அதே பெக்கோதான்.

இந்தப் பாதையைப் புதிதாக யாரும் வெட்டவில்லை. இருந்த பாதைகளைத் தேடிப் பிடித்து ஒன்றோடொன்று இணைத்தார்கள், அவ்வளவுதான். முதலில் கோப்பி மூட்டை போன வண்டிப்பாதை, பிறகு தேயிலைப் பெட்டி போன ரோட்டு, தபால்காரர் போன குறுக்கு, பிள்ளைகள் பாடசாலைக்கு இறங்குகிற படிக்கட்டு, நடுவில் கொஞ்சம் ரயில் தண்டவாள ஓரம். அந்த ரயில் பாதை 1924 இல் பதுளை போய்ச் சேர்ந்தது. மலையைக் குடைந்து, கல்லடுக்கி, கான் வெட்டி இவற்றையெல்லாம் உண்டாக்கியவர்கள் யார் என்பதில் இந்த மண்டபத்தில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. ஆனால் நடக்கிறவருக்கு அது தெரிய வேண்டுமே.

அவருக்கு என்ன தெரிகிறது? லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை போட்டார் என்று தெரியும். அங்கே மேலே ஒரு கல் ஆசனம் இருக்கிறது, அதற்கு டெய்லர் சீட் என்று பெயர். ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னையில் இன்னொரு இடம், அது லிப்டன் சீட். துரைமார் உட்கார்ந்த கல்லுக்கெல்லாம் பெயர் இருக்கிறது. அவர்கள் உட்கார்ந்து பார்த்தது எதை? நமது ஆட்கள் நின்றுகொண்டு வேலை செய்ததைத்தான் பார்த்தார்கள். நின்ற இடம் எதற்கும் பெயர்ப்பலகை இல்லை.

டெய்லரைக் குறை சொல்ல நான் வரவில்லை. வேலை தெரிந்த மனிதர். 1852 இல் வந்து, நாற்பது வருடம் அந்த ஒரே மலையில் கிடந்தார். இன்னொன்றும் சொல்லவேண்டும்: சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் கம்பனி அவரையே வேலையை விட்டுப் போகச் சொல்லிவிட்டது. கம்பனி என்றால் அன்றைக்கும் அப்படித்தான். 1892 இல் அவர் இறந்தபோது, உடலை லூல்கந்துரவிலிருந்து கண்டிக்குத் தொழிலாளர்கள்தான் சுமந்து போனார்கள். கனத்த உடம்பு. பன்னிரண்டு பேர் சுமக்க, அவர்கள் களைத்ததும் அடுத்த பன்னிரண்டு பேர் தோள் கொடுக்க, அந்தப் பாரத்தோடு மலைப் பாதையில் நடந்தார்கள். மஹியாவ மயானத்தில் கல்லறை இருக்கிறது. கல்லில் டெய்லரின் பெயர் இருக்கிறது, சுமந்த இருபத்துநான்கு பேரில் ஒருவர் பெயரும் இல்லை. இன்றைக்கு ஹந்தானையில் தொடங்கி இரண்டு நாளில் லூல்கந்துர போய்ச் சேருகிற பயணி, ஏறக்குறைய அந்த ஊர்வலம் வந்த திக்கிலேயே எதிர்த் திசையில் நடக்கிறார். இதை அவருக்கு யாராவது சொன்னால் அந்த நடைக்கே வேறு அர்த்தம் வந்துவிடாதா?

அதே ஹேவாஹெட்டைப் பக்கத்தில்தான் முல்லோயாத் தோட்டம். 1940 ஜனவரி 10 ஆம் திகதி, வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் அங்கே இறந்தார். கூடுதல் சம்பளமும் சங்கம் வைக்கிற உரிமையும் கேட்ட போராட்டம் அது. ஜனவரி 10 ஐ நாம் தியாகிகள் தினமாக நினைவுகூருகிறோம்.

இன்னும் கொஞ்சம் மேலே வாருங்கள். கொட்டகலைக்குப் பக்கத்தில் டெவன் நீர்வீழ்ச்சி. பஸ்ஸில் போகிறவரும் வேனில் போகிறவரும் இறங்கிப் படம் எடுக்காமல் போவதில்லை. டெவன் என்பது ஒரு கோப்பித் துரையின் பெயர். நமக்கு டெவன் என்றால் 1977 மே மாதம். தோட்டக் காணிகளை ஏழாயிரம் ஏக்கர் அளவில் பிரித்துக் கொடுக்கப் பார்த்தபோது, எங்களை எங்கே போகச் சொல்கிறீர்கள் என்று மக்கள் மறித்து நின்றார்கள். சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். இளம் பையன். நீர்வீழ்ச்சியின் உயரத்தைச் சொல்கிற வழிகாட்டிக்கு அந்தப் பையனின் பெயரையும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

சி.வி. வேலுப்பிள்ளை பிறந்த மடக்கொம்பரை வட்டகொடைப் பக்கத்தில் இருக்கிறது. கவிஞர், தொழிற்சங்கவாதி, 1947 இல் தலவாக்கலைத் தொகுதியில் பாராளுமன்றம் போனவர். அடுத்த வருடமே, 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தோடு, நமது மக்களுக்கு நாடும் இல்லை, பிறகு வாக்கும் இல்லை என்றாகிவிட்டது. அவருடைய ஊரைக் கடந்து போகிறவர்கள் அவருடைய ஒரு வரியைக்கூடக் கேள்விப்படாமல் போகிறார்கள்.

நமது கதையை மட்டும் சொன்னால் அது பாதிக் கதைதான். இந்தப் பாதை தேயிலைக்குள் மட்டும் போவதில்லை. பள்ளத்தில் இறங்கும்போது பழைய சிங்களக் கிராமங்கள் வரும், படிப்படியாக வெட்டிய வயல்கள் வரும், விகாரை வரும். அந்த வயல்கள் தேயிலைக்கு மிக முந்தியவை. மேலே காடாகவும் சேனையாகவும் அந்தக் கிராமத்து மக்கள் பயன்படுத்திய நிலத்தை, 1840 ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிக்குரிய நிலம் என்று ஆக்கித்தான் வெள்ளைக்காரன் துரைமாருக்கு விற்றான். அவர்களிடமிருந்து பறித்தான், நம்மைக் கொண்டுவந்து அதில் நிறுத்தினான். கூட்டிக்கொண்டு போகிற நமது பிள்ளை அந்தக் கிராமத்தைப் பற்றியும் மரியாதையோடு சொல்ல வேண்டும். அங்கிருந்து வருகிற வழிகாட்டித் தம்பியும் நமது லயத்தைப் பற்றி அப்படியே சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துப் பேச வேண்டும். சங்கம் அதற்கு ஏற்பாடு செய்யலாம்.

நமக்கு ஒரு நீண்ட நடை ஏற்கெனவே இருக்கிறது. மன்னார்க் கரையில் இறங்கிய நமது முன்னோர்கள் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் கணக்கில்லை. 2023 இல், இருநூறு வருட நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நமது மக்கள் அதே திக்கில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். ஜூலை 28 இல் தொடங்கி ஆகஸ்ட் 12 இல் முடிந்தது. போகிற வழியில் தமிழ், முஸ்லிம், சிங்கள ஊர்களில் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்து வரவேற்றார்கள். ஒரு நடை ஒரு கோரிக்கையாகவும் இருக்க முடியும் என்று அன்று பார்த்தோம். நிலம், வீடு, மரியாதை என்று கேட்டுக்கொண்டே நடந்தார்கள்.

இப்போது ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம், பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. பாதை லயத்து வாசலை ஒட்டிப் போகிறது. ஓய்வு பெற்ற ஓர் அக்கா, வருகிறவர்களுக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் பிளேன்டீயும் கொடுக்க ஆரம்பித்தார். நல்ல பெயர். சில நாள் நான்கு பேர், சில நாள் யாருமில்லை. மருந்துச் செலவுக்கு ஆனது என்றார். ஒரு மாதத்தில் தோட்டத்து ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. லயம் தோட்டத்தின் சொத்து, வியாபாரம் செய்ய அனுமதி இல்லை, நிறுத்துங்கள் என்றார்கள். அதே தோட்டத்தில் பழைய துரை பங்களா இருக்கிறது. அங்கே இரவுக்கு டொலரில் கட்டணம்.

என் கேள்வி இதுதான். பாதை நமது வாசல் வழியாகப் போகலாம், நமது மலை படத்தில் வரலாம், நமது அக்காமாரின் கூடை விளம்பரத்தில் வரலாம், ஆனால் நமது அடுப்பில் சுட்ட ரொட்டி மட்டும் போகக்கூடாதா? 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992 இல் நிர்வாகம்தான் கம்பனிகளிடம் போனது. நிலம் இன்றைக்கும் அரசுடையது. பங்களாவில் கட்டில் போட அனுமதி கிடைக்குமென்றால் லயத்து வாசலில் வாங்கு போடவும் அனுமதி கிடைக்கவேண்டும். கூட்டு ஒப்பந்தம், நாட்சம்பளம் பற்றிப் பேசுகிற மேசையில் இதையும் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. 2024 இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவுக்கு வர எத்தனை வருடம் போராடினோம் என்று எண்ணிப் பாருங்கள். பக்கத்தில் இன்னொரு வருமானம் நடந்து வருகிறது, அதையும் வாசலிலேயே மறிக்கிறார்கள்.

படம் எடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூடையோடு நில்லுங்கள், சிரியுங்கள், கொழுந்தைக் கையில் பிடியுங்கள் என்கிறார்கள். நமது அக்காமார் வந்தவரைப் போகச் சொல்ல மாட்டார்கள், நிற்பார்கள். அந்தப் பத்து நிமிடம் போனால் அன்றைய நிறையில் குறையும், குறைந்தால் முழுப்பேர் விழாது. எடுத்தவருக்கு அது தெரியாது, கெட்ட எண்ணமும் இல்லை. கூட வருகிற வழிகாட்டி சொல்ல வேண்டும். நமது பிள்ளை வழிகாட்டியாக இருந்தால் சொல்லாமலே தெரியும். லயத்துக்குள் கூட்டிப்போய்க் காட்டலாமா என்றும் சிலர் கேட்டார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவைக் காட்டுவதா வேண்டாமா என்பதை அந்த வீட்டுக்காரர்தான் தீர்மானிக்க வேண்டும். சங்கமும் அல்ல, ஹோட்டலும் அல்ல.

வழிகாட்டி வேலைக்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பிரதேச வழிகாட்டி என்று ஒரு தரம் இருக்கிறது. உயர்தரம் முடித்துவிட்டுக் கொழும்பில் கடையில் நிற்கிற நமது பிள்ளைகள் பலர் இதற்குப் பொருத்தமானவர்கள். பயிற்சியைத் தமிழிலும், ஹட்டன், பண்டாரவளை போன்ற நாம் போய்வரக்கூடிய இடங்களிலும் நடத்தும்படி சங்கம் எழுதிக் கேட்க வேண்டும். ஆங்கிலப் பேச்சு வகுப்பை ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் பாடசாலையில் நடத்த நான் தயார். பாதை ஓரத்தில் பலகை நட்டால் அதில் தமிழ் இருக்க வேண்டும், எழுத்துப்பிழை இல்லாத தமிழ்.

போன தவணையில் தரம் எட்டுப் பிள்ளைகளிடம், லயத்திலிருந்து பாடசாலை வரும் பாதையைப் படமாக வரைந்து, ஒவ்வோர் இடத்துக்கும் வீட்டில் பெரியவர்கள் சொல்கிற பெயரைக் கேட்டு எழுதச் சொன்னேன். ஒன்றரைக் கிலோமீற்றருக்கு இருபதுக்கு மேல் பெயர் வந்தது. காமன் பொட்டல், மாடசாமிக் கல், பழைய லயத்தடி, ரெண்டாம் பீலி, நொண்டிக் கங்காணி ஏத்தம். போனில் இருக்கிற வரைபடத்தில் அந்த இடம் வெறும் பச்சை. ஒரு பிள்ளை மட்டும் ஒரு மாமரத்தடியைக் குறித்து, எங்கள் பூட்டியைப் புதைத்த இடம் என்று எழுதியிருந்தாள். அந்த மலையில் இப்போது தேயிலையைப் பிடுங்கிவிட்டு வேறு மரம் வைக்கப் போகிறார்களாம். ஒரு குடும்பம் நான்கு தலைமுறையாக இங்கே இருந்தது என்பதற்கு எங்களிடம் உறுதியும் இல்லை, முகவரிகூட ஒழுங்காக இல்லை, கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீஸுக்குத்தான் வருகிறது. அந்த மாமரம்தான் இருக்கிறது.

அதனால் இன்று ஒவ்வொரு தோட்டக் கமிட்டிக்கும் ஓர் அப்பியாசக் கொப்பி தருகிறோம். உங்கள் டிவிஷனில் பாதை போகிற இடமெல்லாம் நடந்து, மலைகளின் பெயர், பீலி, கோயில், இடிந்த லயம், புதைத்த இடம், சங்கப் போராட்டம் நடந்த இடம், எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் முதலில் போங்கள், தள்ளிப்போட வேண்டாம். எழுதத் தெரிந்த பிள்ளையைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொப்பியைக் கொண்டுவாருங்கள், இங்கேயே பிரதி எடுத்துவிட்டுத் திருப்பித் தருவோம். பேனாவும் வைத்திருக்கிறோம், போகும்போது மேசையில் வாங்கிக்கொள்ளுங்கள்.