டால்ஸ்டாய் பண்ணையில் நம் மக்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் கூப்பிட்டு, "சார், நீங்க வரலாறு படிச்சவர். இருபது நிமிஷம் ஏதாவது பேசுங்க. பழைய கதை மட்டும் வேண்டாம், பசங்களுக்கும் பிரயோஜனப்படணும்" என்றார். யோசித்துப் பார்த்தேன். பழைய கதையைச் சொல்லாமல் என்னால் பேச முடியாது. அதனால் இரண்டு கதை சொல்கிறேன். ஒன்று என்னுடையது, சின்னது. இன்னொன்று தென்னாப்பிரிக்காவில் 1910இல் நடந்தது, பெரியது.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1978இல் இந்தக் கல்லூரியை விட்டு வெளியே போனோம். அடுத்த வருஷம் நாங்கள் நாலு நண்பர்கள் சேர்ந்து ஆறு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தோம். ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே பணப்பெட்டி. வேலைக்கு மனுப் போடுவதில்லை, மண்ணை நம்பிப் பிழைப்பது என்று சபதம். பதினாலாவது மாதம் பிரிந்துவிட்டோம். மழை பொய்க்கவில்லை, பூச்சி விழவில்லை. நூற்று நாற்பது ரூபாயால் பிரிந்தோம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அதன் பிறகுதான் டால்ஸ்டாய் பண்ணையைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். நம்மால் பதினாலு மாதம் தாக்குப்பிடிக்க முடியாததை, அந்த மக்கள் இரண்டரை வருஷத்துக்கு மேல் எப்படி நடத்தினார்கள்? இதுதான் என் கேள்வி.

ஏன் பண்ணை?

ட்ரான்ஸ்வாலில் 1907இல் ஒரு சட்டம் வந்தது. இந்தியர்கள் கைரேகை வைத்துப் பதிவுச் சீட்டு வாங்க வேண்டும், கேட்கும்போதெல்லாம் காட்ட வேண்டும். மறுத்தவர்கள் சிறைக்குப் போனார்கள். தெருத்தெருவாகக் காய்கறி விற்றவர்கள், சலவைத் தொழிலாளிகள், சிறு கடைக்காரர்கள். அவர்களில் தமிழர்களே அதிகம் என்று காந்தியடிகளே பல முறை எழுதியிருக்கிறார். தில்லையாடி வள்ளியம்மை பெயர் நமக்குத் தெரியும். அவருக்கு முன்பே 1909இல் நாகப்பன், 1910இல் நாராயணசாமி என்று இரண்டு இளைஞர்கள் இந்தப் போராட்டத்தில் உயிர் விட்டார்கள்.

ஆண் சிறைக்குப் போனால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? அதுவரை ஒவ்வொரு குடும்பத்துக்கும் தேவைக்கேற்ப மாதாமாதம் பணம் கொடுத்து வந்தார்கள். போராட்டம் எப்போது முடியும் என்று தெரியாது. நிதி கரைந்துகொண்டிருந்தது. கூச்சப்படுகிறவர் குறைத்துக் கேட்பார், கெட்டிக்காரர் கூட்டிக் கேட்பார். எல்லாக் குடும்பங்களும் ஓரிடத்தில் சேர்ந்து உழைத்துச் சாப்பிட்டால்தான் தாக்குப்பிடிக்க முடியும் என்று முடிவானது.

அப்போது உதவிக்கு வந்தவர் ஹெர்மன் காலன்பாக். ஜெர்மனியில் படித்த யூதர், ஜோகன்னஸ்பர்க்கில் வசதியான கட்டடக் கலைஞர். லாலி ரயில் நிலையத்துக்கு ஒரு மைல் தூரத்தில், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைலில், 1,100 ஏக்கர் வாங்கி, 1910 மே 30ஆம் தேதி வாடகையில்லாமல் சத்தியாக்கிரகிகளிடம் ஒப்படைத்தார். ஏறத்தாழ ஆயிரம் பழமரங்கள், ஒரு சின்ன வீடு, இரண்டு கிணறு, ஒரு ஊற்று. ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயின் பெயரைப் பண்ணைக்கு வைத்தார்கள். காந்தியடிகளோடு கடிதம் எழுதிக்கொண்டிருந்த அந்தப் பெரியவர், அதே ஆண்டு நவம்பரில் காலமாகிவிட்டார்.

முதல் மாதங்கள்

மே, ஜூன் அங்கே குளிர்காலம் ஆரம்பம். கட்டடம் எழும்பும் வரை கூடாரத்தில் குடியிருந்தார்கள். மரச்சட்டமும் தகரமும் வைத்துக் கட்டினார்கள். ஆண்களுக்கு ஒரு கட்டடம், பெண்களுக்குத் தள்ளி ஒரு கட்டடம். பத்துப் பெண்களும் அறுபது ஆண்களும் தங்குகிற அளவுக்குத் திட்டம். பிறகு பள்ளிக்கூடம், தச்சுப் பட்டறை, செருப்புத் தைக்கும் பட்டறை. மேஸ்திரி ஒருவரும் தச்சர்களும் உதவிக்கு வந்தாலும் கல் சுமப்பது, மண் சுமப்பது எல்லாம் குடியிருந்தவர்களே. வேலைக்காரர் ஒருவர்கூடக் கிடையாது என்பது விதி. சமையலிலிருந்து கக்கூஸ் சுத்தம் வரை சொந்தக் கைதான்.

ஊற்று குடியிருப்பிலிருந்து 500 கெஜம் தள்ளி இருந்தது. காவடி கட்டித்தான் தண்ணீர் சுமந்தார்கள். குழாயடியில் சண்டை போட்ட நம் விடுதிக்காரர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்!

தம்பி நாயுடு என்றொருவர். மொரீஷியஸில் பிறந்த தமிழ்ப் பேச்சாளர், பல முறை சிறை சென்றவர். காந்தியடிகளே சிங்கம் போன்றவர் என்று பாராட்டிய மனிதர். அவருக்குப் பண்ணையில் கிடைத்த பொறுப்பு என்ன தெரியுமா? சுகாதாரம், அதோடு ஜோகன்னஸ்பர்க் போய்ச் சாமான் வாங்கி வருவது. அதாவது குப்பையும் கூடையும். மேடையில் முழங்கியவர் அதைச் செய்தார்.

சாப்பாடு காலை ஆறு மணிக்கு ரொட்டியும், கோதுமையை வறுத்துப் பொடித்த காப்பியும். பதினொரு மணிக்குச் சோறு, பருப்பு, காய்கறி. மாலை ஐந்தரைக்குக் கோதுமைக் கஞ்சியும் பாலும், இல்லாவிட்டால் மறுபடி ரொட்டி, காப்பி. எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, சிறையில் கொடுப்பது மாதிரி ஒரு கிண்ணத்தில், தாங்களே செதுக்கிய மரக்கரண்டியால் சாப்பிட்டார்கள். அவரவர் கிண்ணம் அவரவர் கழுவ வேண்டும். பெரிய பாத்திரங்களுக்கு முறை வைத்திருந்தார்கள்.

இந்து, முஸ்லிம், பார்சி, கிறிஸ்தவர் எல்லாரும் இருந்த இடம். அசைவம் பழகியவர்களுக்கு அதை மறுக்கத் தமக்கு உரிமையில்லை என்று காந்தியடிகள் நினைத்தார். பெண்களிடம் வெளிப்படையாகக் கேட்டார். கணவனும் பிள்ளையும் சிறையில் இருக்கிறார்கள், இங்கே ஒரே சமையல் போதும், சைவமே இருக்கட்டும் என்று அந்தப் பெண்கள் சம்மதித்தார்கள். ரம்சான் மாதத்தில் முஸ்லிம் பிள்ளைகள் நோன்பிருந்தபோது மற்றவர்களும் கூட இருந்தார்கள். கேட்டுச் செய்தார்கள், அதனால் நிலைத்தது என்பது என் கருத்து.

காசுக்கு ஒரு விதி

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ரயில் கட்டணம். பண்ணை வேலையாக நகரத்துக்குப் போனால் மூன்றாம் வகுப்பில் போகலாம். சொந்த வேலையாகவோ, சும்மா பார்க்கவோ போனால் 21 மைலும் நடந்துதான் போக வேண்டும். வழியில் எதுவும் வாங்கித் தின்னக் கூடாது. பண்ணையிலேயே அரைத்த கோதுமையில் சுட்ட ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய், ஆரஞ்சுத் தோலில் செய்த ஜாம் இவற்றைக் கட்டிக்கொண்டு இரவு இரண்டு மணிக்குக் கிளம்புவார்கள். ஆறேழு மணி நேரத்தில் நகரம். ஒருவர் 4 மணி 18 நிமிஷத்தில் போனார் என்று காந்தியடிகள் எழுதி வைத்திருக்கிறார்.

பணம் மிச்சமானது ஒரு லாபம். பெரிய லாபம், யார் எதற்குப் போனார் என்ற சந்தேகம் எழ இடமில்லாமல் போனதுதான்.

பள்ளிக்கூடம்

பிள்ளைகள் இருபது முப்பது பேர். காலையெல்லாம் தோட்ட வேலை. அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வகுப்பு. உண்ட மயக்கத்தில் பிள்ளைகள் தூங்கி விழுவார்கள். வாத்தியார்களும்தான்! காந்தியும் காலன்பாக்கும் கண்ணில் தண்ணீர் அடித்துக்கொண்டு பாடம் நடத்தினார்கள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் காந்தியே. கப்பல் பயணத்திலும் சிறையிலும் போப் எழுதிய கைநூலை வைத்துக் கற்ற தமிழ். பேச்சில் பிள்ளைகள் அவரை மிஞ்சினார்கள். தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொண்டதால் மரியாதை குறையவில்லை என்று பின்னாளில் எழுதினார். ஆசிரியராகப் போகும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காலன்பாக், மரியன்ஹில் துறவி மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடம் காந்தி கற்றார், காந்தியிடம் மற்றவர்கள். பாரிஸ்டரும் கட்டடக் கலைஞரும் உட்கார்ந்து தோல் வெட்டினார்கள்.

எனக்கு ஒப்பாதவை

எல்லாமே நன்றாக இருந்தது என்று சொன்னால் அது வரலாறு ஆகாது. சில பையன்கள் இரண்டு பெண் பிள்ளைகளைக் கேலி செய்தார்கள். பையன்களைக் கண்டித்ததோடு நில்லாமல், அந்தப் பெண் பிள்ளைகள் தலைமுடியை வெட்டிக்கொள்ள வேண்டும் என்றார் காந்தி. பெரிய பெண்கள் முதலில் ஒப்பவில்லை. கடைசியில் அவர் கையாலேயே வெட்டினார். தப்புச் செய்தவன் ஒருவன், முடி இழந்தவள் இன்னொருத்தி. அதை என்னால் ஏற்க முடியவில்லை. இங்கிருக்கும் மாணவியர் ஏற்பார்களா?

1912இல் கோகலே வந்தார். உடம்பு சரியில்லாதவர். நிலையத்திலிருந்து நடக்க வைத்தார்கள். மழையில் நனைந்து சளி பிடித்தது. எல்லாரும் தரையில் படுக்கும் இடத்தில் தனக்கு மட்டும் கட்டில் வேண்டாம் என்று அவரும் தரையில் படுத்தார். மற்றவர்கள் கால் பிடித்துவிட வந்தபோது விடவில்லை. கஷ்டப்படுவதற்கு நீங்கள் மட்டும்தான் பிறந்தீர்களா என்று கடிந்துகொண்டார். எளிமையிலும் ஒரு பிடிவாதம் உண்டு என்பதை அந்தப் பெரியவர் காட்டினார்.

இன்னொன்று. காலன்பாக் நிலம் தராவிட்டால், ரத்தன் டாடா போன்றவர்கள் நன்கொடை அனுப்பாவிட்டால், இந்தப் பண்ணை இல்லை. அந்த நாட்டின் சொந்த மக்களான ஆப்பிரிக்கர்களுக்கோ, 1913இல் வந்த நிலச் சட்டம் நாட்டில் சுமார் 7 சதவீத நிலத்தை மட்டுமே ஒதுக்கியது. இந்தியர் போராட்டம் அன்று அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பண்ணை விளைவித்தது

1913 தொடக்கத்தில் பண்ணை கலைந்தது. தோற்றுவிட்டதா? அதே வருஷம் அக்டோபரில் டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்த பதினோரு பெண்கள், கைக்குழந்தைகளோடு சிலர், அனுமதியில்லாமல் எல்லை கடந்து நேட்டாலுக்குள் போனார்கள். ஒருவரைத் தவிர அனைவரும் தமிழ்ப் பெண்கள். நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்களிடம், தலைக்கு மூன்று பவுன் வரியை எதிர்த்து வேலையை நிறுத்துங்கள் என்று பேசினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். பெண்களுக்கு மூன்று மாதச் சிறை. 1914இல் அந்த வரி ஒழிந்தது.

அந்தப் பதினோரு பேரின் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலோர் திருமதி இன்னார் என்று கணவர் பெயரால்தான் இருக்கிறார்கள். சொந்தப் பெயர்கூட அந்தப் பட்டியலில் இடம்பெறாத பெண்கள், இரண்டரை வருஷம் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகிய துணிச்சலில் ஒரு சட்டத்தையே அசைத்தார்கள். பண்ணையில் விளைந்தது ஆரஞ்சுப் பழம் மட்டுமல்ல.

என் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். அவர்களுக்குப் பண்ணைக்கு வெளியே ஒரு நோக்கம் இருந்தது. எங்களுக்குப் பண்ணையே நோக்கம். அவர்களுக்குக் காசுக்கு விதி இருந்தது. நாங்கள், நண்பர்களுக்குள் என்னடா கணக்கு என்றோம்.

இப்போது அந்த நூற்று நாற்பது ரூபாய். ஒரு மாலை பணப்பெட்டியில் அது குறைந்தது. நண்பர் ஒருவர் முந்தின நாள் தாயாரைப் பார்க்க ஊருக்குப் போய் வந்திருந்தார். மற்ற இருவர் முன்னிலையில் நான் அவரைக் கேட்கக் கூடாத கேள்வி கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். இரண்டு வருஷம் கழித்து என் பழைய நோட்டுப் புத்தகத்தில் உரக்கடை ரசீது கிடைத்தது. ரூபாய் நூற்று நாற்பது. வாங்கியவன் நான். எழுதி வைக்க மறந்தவனும் நான்.

அவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுப் பல வருஷம் ஆகிறது. "விடுப்பா" என்று சொல்லிவிட்டார். ஆனால் நாலு பேர் முன்னால் குற்றம் சொன்னவன், நாலு பேர் முன்னால்தானே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்? அவர் இந்த அரங்கில் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அவர் ஒரு பைசா எடுக்கவில்லை. தப்பு என்னுடையது.

மாணவ நண்பர்களே, நீங்கள் நாலு பேர் சேர்ந்து பண்ணை வைக்கலாம், கம்பெனி வைக்கலாம், அறை எடுத்துத் தங்கலாம். சேருங்கள், பயப்பட வேண்டாம். ஆனால் முதல் நாளே ஒரு நோட்டு வாங்கி நடுவில் வையுங்கள். யார் தண்ணீர் சுமப்பது, யார் பாத்திரம் கழுவுவது என்று முறை போடுங்கள். பிறகு கனவு காணுங்கள்.